எல்லையில் கொட்டிய கடல்

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து நான் இன்னும் சட்டைகூட மாற்றவில்லை. மாடிப்படியில் தடதடவென்று சத்தம். நாற்பதைத் தாண்டிய கல்லூரி ஆசிரியை அப்படி ஓடி இறங்கி நான் பார்த்ததில்லை. ஒரு காலில் செருப்பு இருந்தது, இன்னொன்றில் இல்லை. கையில் கைபேசி.

"அண்ணாச்சி! நம்மாளு கெடச்சிட்டான்!"

திரையை என் மூக்குக்கு நேரே நீட்டினார். ஏதோ ஆங்கிலக் கட்டுரை. நடுவில் கறுப்புக் கோட்டில் வரைந்த ஒரு கால். நண்டுக் கொடுக்கு மாதிரி வளைந்து, அடியில் சின்னதாக ஒரு கொக்கி.

"கொக்கி இருக்கு பாத்தீங்களா? ஊனம் இல்ல அண்ணாச்சி, அவன் பொறப்பே அப்படித்தான். எல்லா ஆம்பளைக்கும் இருக்கு. பொட்டையும் வரைஞ்சிருக்காங்க, குஞ்சும் வரைஞ்சிருக்காங்க. என்ன அழகா வரைஞ்சிருக்காங்க!"

அது ஒரு துடுப்புக்காலி. கடல்நீரில் மிதந்து திரியும் கடுகளவுப் பூச்சி, இறாலுக்குத் தூரத்துச் சொந்தம். அந்தமான் பக்கத்துக் கடலில் பிடிபட்ட ஒரே ஒரு ஆணை வைத்துக்கொண்டு, இது உலகம் இதுவரை அறியாத இனமாக இருக்கலாம் என்று முதலில் சந்தேகப்பட்டவர் எங்கள் மாடியில் குடியிருந்த இந்த அம்மாள்தான். பெயர் வைத்தவர்கள் அதே கடலின் மறுகரையில் இருக்கும் வேறு யாரோ. அவர்கள்மீது குற்றம் இல்லை. தாங்களாகத் தேடினார்கள், கண்டுபிடித்தார்கள், முறைப்படி எழுதினார்கள். முதலில் எழுதுகிறவர் வைப்பதுதான் பெயர் என்பது அந்தத் துறையின் சட்டம். இவர் முந்தியிருக்கலாம். முந்த முடியாமல் போனதற்குக் காரணமானவன் அன்று சோபாவில் உட்கார்ந்துகொண்டு, "ரொம்ப சந்தோஷம்மா" என்று சொன்னான். அது நான்தான்.

அவர் தூத்துக்குடிக்காரர். ஓசூரில் ஒரு தனியார் கல்லூரியில் விலங்கியல் நடத்த வந்தவர். இங்கிருந்து எந்தத் திசையில் கிளம்பினாலும் கடலைப் பார்க்க ஒரு பகல் முழுக்கப் பயணம் செய்ய வேண்டும். "கடல் பூச்சி படிச்சவங்க கடலோரத்துல வேலை பாக்கக்கூடாதா?" என்று ஒருமுறை கேட்டேன். "கடலோரத்துல பூச்சி நெறைய இருக்கு அண்ணாச்சி, வேலைதான் இல்ல" என்றார். அதனால் கடலே அவரைத் தேடி வந்தது, பிளாஸ்டிக் ஜாடிகளில். ஆராய்ச்சிக் கப்பல்களில் போய் வரும் பழைய கல்லூரித் தோழி ஒருவர் பெங்களூரில் இருந்தார். அவர் வலை இழுத்த இடங்களிலிருந்து ஆளுக்குப் பாதியாக இவருக்கும் பங்கு வரும். ஜாடியின் அடியில் கேழ்வரகுக் கூழின் மண்டி மாதிரி பழுப்பாக ஏதோ படிந்திருக்கும். "இதுல ஒரு ஊரே இருக்கு" என்பார்.

அவரை நினைத்தால் எனக்கு முதலில் காதில் விழுவது ஒரே ஒரு வாக்கியம். "இன்னொண்ணு பாக்கணும்." எதற்கும் இதைத்தான் சொல்வார். வாடகைக்கு வீடு பார்க்க வந்தபோதே ஆரம்பித்துவிட்டது. காலையில் வந்தார், எல்லா அறையும் பார்த்தார், பிடித்திருக்கிறது என்றார். முன்பணம் பேசலாமா என்றேன். "இன்னொரு தடவை பாத்துட்டு சொல்லுதேனே" என்று போய்விட்டார். மத்தியானம் மின்சாரம் நின்றிருந்த நேரத்தில் வந்து அதே அறைகளில் நின்றார். பிறகு ஒரு மழை நாளில் குடையோடு வந்து மொட்டைமாடியைப் பார்த்தார். என் மனைவி கேட்டாள், "ஏன்மா, வீடு என்ன ஓடியா போயிடும்?"

"வீடு ஓடாதுக்கா. நான் மொதல் தடவை பாத்தது சரியான்னு பாக்கேன்."

நான் இதற்கு நேர்மாறான ஆள். பிறந்தது சிங்காரப்பேட்டை. பொறியியல் படித்து, ஓசூர் தொழிற்பேட்டையில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் தரப்பரிசோதனைப் பிரிவின் தலைவனாக இருந்து ஓய்வு பெற்றேன். எங்களிடம் இரண்டு முனை உள்ள ஓர் அளவி உண்டு. ஒரு முனை துளைக்குள் போக வேண்டும், மறுமுனை போகக்கூடாது. அவ்வளவுதான் பரிசோதனை. பாகம் தேறியதா, குப்பைக்குப் போக வேண்டுமா என்று கண் இமைக்கும் நேரத்தில் முடிவாகிவிடும். வேலையை விட்ட பிறகும் அந்த அளவி என் கையைவிட்டுப் போகவில்லை. பக்கத்து வீட்டுக்காரர், புதுப் போதகர், மருமகனின் தம்பி என்று எல்லோரையும் ஒரு தடவை செருகிப் பார்த்து, தேறியவர் தேறாதவர் என்று பிரித்து வைத்திருந்தேன். சபைக் கமிட்டிக்கு நான்தான் செயலாளர். குடிக்கிற உறுப்பினர்களின் பெயரை ஆராதனை முடிவில் எழுந்து நின்று வாசிக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தவனும் நானே. நல்லவேளையாக அது தோற்றுப்போனது. இருந்தாலும் நான் அதற்காகப் பேசிய பேச்சை ஊரில் பலரும் ரசித்து நினைவில் வைத்திருந்தார்கள்.

மாம்பழக் காலத்தில் அவரோடு கடைக்குப் போனால் மானம் போகும். கிருஷ்ணகிரியிலிருந்து வந்த பழத்தைச் சாலையோரம் குவித்து விற்கிற அம்மாள், ருசி பார்க்க ஒரு கீற்று அறுத்துக் கொடுப்பாள். இவர் சப்பிச் சாப்பிட்டுவிட்டு, "நல்லா இருக்கு. இன்னொரு பழத்துல ஒரு கீத்து குடுங்க" என்பார்.

"ஏம்மா, நீ தின்னே காலி பண்ணிடுவ போலக்கீதே. ஒரு பழம் பாத்தா பத்தாதா?"

"ஒரு பழம் இனிச்சா அது அந்தப் பழத்தோட குணம்க்கா. ரெண்டு பழம் இனிச்சாத்தான் மரத்தோட குணம்."

அந்த அம்மாள் கத்தியை மடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "என்னா சார், உங்க ஊட்டு டீச்சரம்மா பழம் வாங்க வந்தாங்களா, மரம் வாங்க வந்தாங்களா?" பிறகு சிரித்துக்கொண்டே இரண்டாவது கீற்றையும் கொடுத்தாள். அடுத்த வாரத்திலிருந்து இவர் கேட்காமலே இரண்டு கீற்று வரும்.

கல்யாணப் பேச்சும் அப்படியே. ஊரிலிருந்து அவர் அம்மா தொலைபேசியில் புலம்புவது எங்கள் வரவேற்பறை வரை கேட்கும். ஒரு மாப்பிள்ளையைப் பெங்களூரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, நல்ல மாதிரி, நன்றாகப் பேசுகிறார் என்றார். நாங்கள் மனதுக்குள் பந்தலே போட்டுவிட்டோம். இரண்டாம் முறை பார்த்துவிட்டு வந்து, வேண்டாம் என்றார். "மொதல் தடவை என்கிட்டப் பேசினாரு. ரெண்டாவது தடவை ஓட்டல்ல சர்வர்கிட்டப் பேசினாரு. மொதல் தடவையோட நிறுத்தியிருந்தா எனக்கு இந்நேரம் கல்யாணம் ஆயிருக்கும்." அதைச் சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

அவர் கத்தோலிக்கர், நாங்கள் சீர்திருத்த சபை. ஆகவே கிண்டல் செய்யப் பொதுவான சரக்கு நிறைய உண்டு. "நீங்க அப்போஸ்தலர் தோமாவோட வம்சமாம்மா? காயத்துல விரலை விட்டுப் பாத்தாத்தான் நம்புவீங்களா?" என்றேன் ஒருநாள்.

"தோமாவுக்கு ஒரு தடவை விரலை விட்டதும் போதும்னு ஆயிட்டுது அண்ணாச்சி. நான்னா, மறுநாளும் வரச் சொல்லியிருப்பேன்."

இப்படிப்பட்டவருக்குத்தான் அந்த ஒற்றை ஆண் கிடைத்தது.

அன்று என்னையும் மேலே கூப்பிட்டார். நுண்ணோக்கியில் கண்ணை வைத்தேன். கண்ணாடியில் ஊதிச் செய்தது போல ஓர் உடம்பு. நெற்றியில் சிவப்புப் புள்ளியாக ஒற்றைக் கண். உடம்பைவிட நீளமாக இரண்டு பக்கமும் விரிந்த உணர்கொம்புகள், அவற்றில் இறகு மாதிரி மயிர். எழுபது வயதில் முதல்முறையாகக் கடலுக்குள் எட்டிப் பார்க்கிறேன் என்று தோன்றியது. "இதுல எங்கம்மா புதுசு?" என்றேன்.

"அஞ்சாவது சோடிக் காலைப் பாருங்க. மத்த காலெல்லாம் நீந்துறதுக்கு. ஆம்பளைக்கு இந்த அஞ்சாவது கால் நீந்துறதுக்கு இல்ல, பொண்டாட்டியைப் புடிச்சிக்கிடுறதுக்கு. ஒரு இனத்து ஆளுக்கு ஒரு மாதிரி கொடுக்கு. இந்தக் காலைப் பாத்துத்தான் இன்னாருன்னு சொல்லுவோம்."

"கல்யாணத்துக்குன்னே தனியா ஒரு காலா?"

"ஆமா. அதுலயும் இவனுக்குக் கொடுக்குக்கு அடியில ஒரு கொக்கி இருக்கு. உலகத்துல வேற எவனுக்கும் இந்தக் கொக்கி கெடையாது. இதுவரைக்கும் எழுதினதை எல்லாம் தேடிப் பாத்துட்டேன்."

எனக்கு ரத்தம் சூடானது. "அப்ப புதுசுதானே! எழுதி அனுப்புங்க!"

நான் எதிர்பார்த்ததைத்தான் அவர் சொன்னார். ஒன்றுதானே இருக்கிறது. குஞ்சாக இருந்தபோது கால் ஒடிந்து கோணலாக வளர்ந்திருக்கலாம். பிறவிக் குறையாக இருக்கலாம். ஒரு நொண்டியைப் பார்த்துவிட்டு, மனிதர்களில் புது இனம் கண்டேன் என்று எழுதினால் எப்படி இருக்கும்? ஒன்றை வைத்தே எழுதுகிறவர்களும் இருக்கிறார்களாம், அதற்குத் தடை இல்லையாம். "ஆனா எனக்கு மனசு வராது. இன்னொண்ணு பாக்கணும் அண்ணாச்சி." சொல்லிவிட்டு, அந்த ஆணைக் கண்ணாடித் தகட்டில் கிடத்தி, மேலே மெல்லிய கண்ணாடிச் சில்லை மூடி, ஓரங்களை நகப்பூச்சால் அடைத்தார். வளையல்கூடப் போடாத பெண்ணின் மேசையில் எத்தனை நகப்பூச்சுப் புட்டிகள் என்று என் மனைவி பல நாள் யோசித்த கேள்விக்கு அன்றுதான் விடை கிடைத்தது.

தோழிக்குச் சொல்லியனுப்பினார். அதே இடம், அதே பருவம், இன்னொரு தடவை வலை போட முடியுமா? ஒரு வருடத்துக்குமேல் காத்திருந்தார். நடுவில் நான் பொறுமை இழந்து அவசரப்படுத்திக்கொண்டே இருந்தேன். வேறு யாராவது முந்திக்கொண்டால்? "முந்தட்டும். தப்பா எழுதிட்டு முந்தினா யாருக்கு என்ன லாபம்?" என்பார். ஆனால் தோழியின் அழைப்பு வந்த அன்று மாடியில் அவர் குறுக்கும் நெடுக்கும் நடந்தது எங்கள் கூரைக்கு நன்றாகத் தெரிந்தது. அதே இடத்தில் வலை இழுத்தாகிவிட்டது. ஜாடி பெங்களூர் வந்துவிட்டது. மரபணுவும் பார்க்க வேண்டும் என்பதால் இம்முறை சுத்தமான ஆல்கஹாலில் போட்டிருந்தார்கள். ஆல்கஹாலைக் கூரியரில் எடுக்கமாட்டார்கள். அவருக்குக் கல்லூரியில் தேர்வு நேரம். என் மகள் வீடு பெங்களூரில். மாதம் ஒருமுறை போய் வருகிறவன் நான்.

"நான் கொண்டாறேம்மா" என்றேன். நானாகக் கேட்டு வாங்கிக்கொண்ட வேலை.

திரும்பி வரும் பேருந்தில் ஜாடியைச் செய்தித்தாளில் சுற்றி, மஞ்சள் பையில் போட்டு, தலைக்கு மேலே இருந்த பலகையில் வைத்தேன். எதிர் இருக்கையில் எங்கள் சபையைச் சேர்ந்த கணவனும் மனைவியும். தோத்திரம் சொல்லிக்கொண்டோம். வழியெல்லாம் சபை விஷயம்தான். என் பேச்சைத் தன் தம்பிக்குக்கூடச் சொன்னதாகவும், அந்தக் குடிகாரன் திருந்தவில்லை என்றும் அந்த அம்மாள் சொன்னாள்.

எல்லையில் சோதனை. கர்நாடகச் சரக்கு மலிவு என்பதால் பையில் மறைத்துக் கொண்டுவருகிறவர்களைப் பிடிக்க மதுவிலக்குக் காவலர்கள் அவ்வப்போது பேருந்தில் ஏறுவார்கள். அன்று ஓர் ஏட்டு ஏறினார். மூடி சரியாக இறுகவில்லை போலிருக்கிறது. என் தலைக்கு மேலே வந்ததும் நின்று மூக்கை உறிஞ்சினார். பையை இறக்கினார்.

"யாருதுங்க இது?"

பேருந்தே திரும்பிப் பார்த்தது. ஆல்கஹால் வாசனை எனக்கும் அடித்தது. எதிர் இருக்கை அம்மாள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, "சீ, சாராயம்" என்றாள்.

"பெரியவரே, பை உங்களுதா?"

"இல்லீங்க" என்றேன்.

அவ்வளவுதான். அந்தச் சொல்லைச் சொல்ல நான் யோசிக்கவே இல்லை. இது கடல் ஆராய்ச்சிக்கு உரியது, வேண்டுமானால் எங்கள் மாடியில் இருக்கும் ஆசிரியையிடம் பேசுங்கள் என்று கைபேசியை நீட்டியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். ஏட்டு மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். "சரக்கேதான். அடியில என்னமோ கசடு கீது." பின்னாலிருந்து ஒருவர், "மூலிகை ஊறலா இருக்கும் சார், மூட்டு வலிக்கு!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஏட்டு கீழே இறங்கி, சாலையோரம் ஜாடியைக் கவிழ்த்தார். பழுப்பு மண்டி தாரில் பரவியதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பின்னால் வந்த லாரி அதன்மேல் ஏறிப் போயிற்று.

வீட்டுக்கு வந்து சொன்னேன். "போலீஸ்காரன் பிடுங்கிக் கொட்டிட்டான்மா. நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்."

அவர் முகம் ஒரு கணம் காலியாகிவிட்டது. படியில் உட்கார்ந்தார். பிறகு தலையை நிமிர்த்தி, உண்மையான அக்கறையோடு கேட்டார். "நீங்க என்ன சொன்னீங்க? அவரு என்ன கேட்டாரு?"

பொய்க்கு விவரம் கேட்டால் பெருகிக்கொண்டே போகும். தேசத்துக்கான ஆராய்ச்சி என்று சொன்னேனாம். அவன் கேட்கவில்லையாம். நான் எழுந்து நின்று ஜாடியைப் பிடித்து இழுத்தேனாம். என் மனைவி வாயில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் பார்வையில் நான் வளர்ந்துகொண்டிருந்தேன்.

சனிக்கிழமை காலை அவர் கீழே வந்தார். "அண்ணாச்சி, அந்த ஏட்டையாவைப் போயிப் பாத்துட்டு வருவோமா?"

"எதுக்கும்மா? முரட்டு ஆளு."

"நீங்க சொன்னது உங்க பக்கம். அவரு பக்கமும் கேட்டுக்கிடுவோம். அடுத்த ஜாடி வரும்போது என்ன செய்யணும்னு தெரியும்லா?"

என்மேல் சந்தேகம் இல்லை, அதைச் சத்தியமாகச் சொல்வேன். மாம்பழத்துக்குச் செய்ததை எனக்கும் செய்தார். அன்று கால்வலி, வெயில், ஏட்டுக்கு வேறிடத்தில் வேலை இருக்கும் என்று எதை எதையோ சொல்லிப் பார்த்தேன். கடைசியில் டவுன் பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து போனேன்.

ஏட்டு அங்கேதான் இருந்தார். முரடரும் இல்லை. அஞ்செட்டிப் பக்கத்து ஆள், பெரிய மீசை, சிரித்த முகம். அவர் கையில் இவர், பழைய ஜாடியிலிருந்து எடுத்த பூச்சி கிடந்த ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியையும் உருப்பெருக்கியையும் கொடுத்து வெயில் பக்கம் திருப்பினார்.

"அடேயப்பா! மீசை கீதுங்களே இதுக்கு! இது உசுருங்களா மேடம்?"

"உசுரா இருந்துச்சு. கடல்ல இதைத்தான் மீன்குஞ்சு திங்கும். நாம மீனைத் திங்கோம்."

"நான் பொறந்தது காட்டுக்குள்ள மேடம், கடலே பாத்ததில்லீங்க." அவர் கண்ணை எடுக்கவே இல்லை. திடீரென்று முகம் மாறியது. "அய்யய்யோ. அன்னிக்கி ஒரு ஜாடி கொட்டினனே, அதுவும் இதுங்களா?"

"அதேதான்."

"யாராச்சும் ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் ஏங்க கொட்டப் போறேன்?"

"இவரு சொன்னாரே" என்று அவர் என்னைக் காட்டினார்.

ஏட்டு என்னைப் பார்த்தார். ஆள்களை நினைவு வைத்துக்கொள்வது அவர் தொழில். "இவருங்களா? இவரு தலைக்கு மேலதான் பையி இருந்துச்சு. 'பெரியவரே உங்களுதா'ன்னே கேட்டேன். 'இல்லீங்க'ன்னு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாரு."

லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அந்தச் சாலையில் எப்போதும் அவ்வளவு சத்தம்தான் இருக்கும். ஆனாலும் அன்று எல்லாம் நின்றுபோனதாகத்தான் எனக்கு நினைவு. அவர் என் பக்கம் திரும்பவில்லை. ஏட்டின் கையில் உருப்பெருக்கி சாய்ந்திருந்ததைச் சரி செய்தார். "இங்க பாருங்க, நெத்தியில செவப்பா தெரியுதுல்லா, அதுதான் கண்ணு" என்று விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். முழுதாகக் காட்டி முடித்துவிட்டு, ஏட்டின் கைபேசி எண்ணை வாங்கிக்கொண்டார்.

திரும்பும் வழியில் ஓசூர் பேருந்து நிலையத்துக்கு வெளியே இளநீர் வாங்கிக் கொடுத்தார். நான் எதையோ சொல்ல வாயெடுத்தேன்.

"அண்ணாச்சி, மொதல்ல குடிங்க." குடித்தேன். பிறகு சொன்னார். "அந்த ஜாடியில அவன் இருந்தானா இல்லையான்னு எனக்குத் தெரியாது. பாக்காததை நான் எப்படிப் போச்சுன்னு சொல்லுறது?"

கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன், என் மனைவியிடமும் உண்மையைச் சொன்னேன். வீட்டில் சில நாள் எனக்குச் சோறு மட்டும் கிடைத்தது, பேச்சு கிடைக்கவில்லை. சபைக் கமிட்டியிலிருந்தும் விலகிக்கொண்டேன். உடல்நிலை காரணம் என்று எழுதிக்கொடுத்தேன். அங்கேயும் ஒரு பொய்.

அவர் மட்டும் முன்பு போலவே இருந்தார். படியிறங்கும்போது "என்ன அண்ணாச்சி, காப்பியாச்சா?" மாம்பழம் வந்தால் எங்களுக்கும் பாதி. என்னிடம் இருந்த அந்த இருமுனை அளவியை வைத்து அவர் என்னைச் சோதித்திருந்தால், நான் குப்பைக்கூடையில் விழுந்து எத்தனையோ நாள் ஆகியிருக்கும்.

மறுவருடம் மழைக்காலம் முடிந்ததும் ஒருநாள் மாடியிலிருந்து குரல் வந்தது. "அண்ணாச்சி, அடுத்த ஜாடி பெங்களூர் வந்திருக்கு. கொண்டாந்துருதீங்களா?"

"நானா?"

"உங்க மக வீட்டுக்குப் போற வழிதானே?"

அந்த ஜாடியிலும் அந்த ஆள் இல்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அவர் பல வாரம் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார், இல்லை. அதற்கடுத்த வருடம்தான் நான் முதலில் சொன்ன அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. மறுகரைக்காரர்கள் எழுதிவிட்டார்கள். பிறகு அவருக்குக் கடலோரத்தில் ஒரு கல்லூரியில் வேலை கிடைத்தது. போகிற வேலையையும் இருமுறை போய்ப் பார்த்துவிட்டுத்தான் ஒப்புக்கொண்டார். இப்போது மாடியில் ஒரு தொழிற்சாலைப் பையன்கள் கூட்டம் இருக்கிறது. கொட்டிப்போன ஜாடியில் அவன் இருந்தானா என்பது யாருக்கும் தெரியாது, தெரியவும் போவதில்லை. இருந்திருப்பான் என்றே நான் வைத்துக்கொள்கிறேன். அப்படி வைத்துக்கொள்வதுதான் நியாயம் என்று எனக்குப் படுகிறது.

ஆனால் அந்தக் கடைசி ஜாடியைக் கொண்டுவந்த பேருந்துப் பயணத்தைச் சொல்லாமல் விட முடியாது.

இந்தமுறை பலகையில் வைக்கவில்லை. பை இல்லை, செய்தித்தாளும் இல்லை. ஜாடியை மடியில் வைத்து, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். மூடியைக்கூட ஒரு சுற்றுக் குறைவாகத்தான் இறுக்கலாமா என்று யோசித்தேன். வாசனை வரட்டும் என்றுதான். பிறகு அது அவருடைய ஜாடி என்பது நினைவுக்கு வந்து நன்றாக இறுக்கினேன். என்ன சொல்ல வேண்டும் என்பதை வழி முழுக்க மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். ஆமாங்க, என்னோடதுங்க. ஆல்கஹால்தாங்க. உள்ளே இருப்பது கடல். சபையில் எல்லோரும் அந்தப் பேருந்தில் ஏறியிருக்கக்கூடாதா என்று முதல்முறையாக ஆசைப்பட்டேன். தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. பக்கத்தில் ஒரு பையன் காதில் பாட்டு மாட்டிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தான்.

எல்லை வந்தது. ஜாடியை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தேன். தடுப்புகளுக்கு அருகில் இரண்டு காவலர்கள் நிழலில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கையை வீசினார், போ போ என்று. பேருந்து வேகம்கூடக் குறைக்கவில்லை.

"செக்கிங் இல்லையா?" என்று எழுந்துவிட்டேன்.

கன்னடக்கார நடத்துநர் முன்பக்கத்திலிருந்து திரும்பினார். "ஏனு சுவாமி, செக்கிங் இல்லேன்னா உங்களுக்கு என்னா கஷ்டம்? ஒக்காருங்க, விழுந்து வெக்கப் போறீங்க."

உட்கார்ந்தேன். ஜன்னலுக்கு வெளியே ரோஜாத் தோட்டங்களின் நெகிழிக் கூடாரங்களும், தொழிற்சாலை மதில்களும், வேலை மாறுகிற நேரத்து வெள்ளைப் பேருந்துகளும் போயின. மனது ஆறவில்லை. பேருந்து நிலையத்துக்குள் திரும்பியதும், இறங்குகிறவர்களை ஒதுக்கிக்கொண்டு நடத்துநரிடம் போய், ஜாடியை அவர் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தேன்.

"இது என்னோடதுங்க" என்றேன்.

அவர் ஜாடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கைப்பையை இழுத்துவிட்டுக்கொண்டு விசிலை வாயில் வைக்கப் போனவர் நிறுத்திச் சொன்னார்:

"யாரு பெரியவரே இல்லேன்னது? எறங்குங்க."